கேள்வி - பதில்: இழுப்பது பூமியா, தள்ளுவது தரையா?

போன மாதம் "கல் ஏன் கீழே விழுகிறது?" என்று ஒருவர் கேட்டிருந்தார். இடம் போதாமல், "பூமி இழுப்பதால்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அதற்கப்புறம் வந்த கடிதங்களைப் பார்த்தால், அந்த ஒரு வரி நிறையப் பேருக்குத் தொண்டையில் சிக்கியிருக்கிறது என்று தெரிகிறது. முப்பது வருடத்துக்கு மேல் இயற்பியல் வாத்தியாராக இருந்தவன் அப்படித் தட்டிக்கழித்திருக்கக் கூடாதுதான். இந்த மாதம் முழுக்க ஈர்ப்பு மட்டும். மற்ற கடிதங்களுக்கு உரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

"பூமி இழுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள் சார். இழுக்கக் கை வேண்டும், இல்லையென்றால் ஒரு கயிறாவது வேண்டும். நடுவில் ஒன்றுமே இல்லாமல் எப்படி இழுக்கும்?" - பள்ளி மாணவி ஒருவர்

இதே கேள்வியில் மாட்டிக்கொண்டு முழித்த இன்னொருவர் நியூட்டன்.

அவர் 1687-ல் 'பிரின்சிபியா' என்ற புத்தகத்தில் கணக்கைக் கச்சிதமாகக் கொடுத்துவிட்டார். தூரம் இரண்டு மடங்கானால் ஈர்ப்பு நாலில் ஒரு பங்கு, மூன்று மடங்கானால் ஒன்பதில் ஒரு பங்கு. அதை நிலாவில் வைத்துப் பாருங்கள். பூமியின் மையத்திலிருந்து நிலா சுமார் 3,84,000 கி.மீ. தள்ளி இருக்கிறது. பூமியின் ஆரத்தைப்போல அது 60 மடங்கு. அப்படியானால் அங்கே ஈர்ப்பு 60 × 60, அதாவது 3,600 மடங்கு குறைந்திருக்க வேண்டும். இங்கே கையிலிருந்து விட்ட கல் முதல் நொடியில் 4.9 மீட்டர் விழுகிறது. அதை 3,600-ஆல் வகுத்தால் 1.4 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். நிலா ஒரு நொடியில் தன் நேர்கோட்டை விட்டுப் பூமிப் பக்கம் சாய்வது அவ்வளவேதான். அந்த ஒரு நொடிக்குள் அது பக்கவாட்டில் ஒரு கிலோமீட்டர் ஓடிவிடுகிறது. விழுவதோ ஒரு நாணயத்தின் கனம். வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டும்போதெல்லாம் எனக்கே உடம்பு சிலிர்க்கும். கைக் கல்லும் நிலாவும் ஒரே வாய்ப்பாட்டில் விழுகின்றன.

ஆனால் உங்கள் கேள்விக்கு இதில் பதில் இல்லை. நியூட்டனுக்கும் அது தெரியும். பென்ட்லி என்ற பாதிரியாருக்கு 1693-ல் எழுதிய கடிதத்தில், நடுவில் எதுவும் இல்லாத வெற்றிடத்தைத் தாண்டி ஒரு பொருள் இன்னொன்றின்மேல் செயல்படும் என்பது பெரிய அபத்தம், யோசிக்கத் தெரிந்த யாரும் அதை ஏற்க மாட்டார்கள் என்கிற பொருளில் எழுதினார். தன் விதியைத் தானே நம்ப முடியாத நிலைமை! 1713-ல் வந்த பிரின்சிபியாவின் இரண்டாம் பதிப்பில், காரணம் இன்னதென்று கண்டுபிடிக்க முடியவில்லை, ஊகமாக எதையும் சொல்லப் போவதில்லை என்று எழுதி ஒதுங்கிக்கொண்டார். அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் இருநூறு வருடம் கணக்கு ஓடிக்கொண்டே இருந்தது, கயிறு கிடைக்கவில்லை. 1907-ல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஐன்ஸ்டைனுக்கு ஒன்று தோன்றியது: தடையில்லாமல் விழுந்துகொண்டிருக்கிற மனிதனுக்குத் தன் எடையே தெரியாது. தன் வாழ்க்கையிலேயே ஆகச் சந்தோஷமான எண்ணம் அது என்று பின்னால் சொன்னார். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது, இல்லையா? உங்கள் போனை எடுங்கள்.

போனுக்குள் முடுக்கமானி என்று ஒன்று இருக்கிறது. முடுக்கத்தை, அதாவது வேகம் நொடிக்கு நொடி எவ்வளவு மாறுகிறது என்பதை, அளப்பது. நுண்ணிய ஸ்பிரிங்குகளில் தொங்கும் ஒரு சிலிக்கான் துணுக்கு, அவ்வளவுதான். போனைத் திருப்பினால் திரை திரும்புகிறதே, அது இதன் வேலை. அதன் அளவீட்டைக் காட்டும் இலவச ஆப்கள் நிறைய உண்டு. ஒன்றைப் போட்டுக்கொண்டு போனை மேசைமேல் சும்மா வையுங்கள். பூஜ்யம் காட்டும் என்றுதானே நினைப்பீர்கள்? 9.8 காட்டும். அதுவும் மேல்நோக்கி! அசையாமல் கிடக்கும் போன், "யாரோ என்னை மேலே தள்ளிக்கொண்டே இருக்கிறார்கள்" என்று புகார் செய்கிறது. இப்போது அதைக் கையிலிருந்து விடுங்கள். விழுகிற அந்த அரை நொடியில் எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிடும். (கீழே கனமான தலையணை போட்டுவிட்டு விடுங்கள். நான் ஒரு தடவை தலையணையைத் தவறவிட்டேன். எண் பூஜ்யம் காட்டியதா என்று பார்ப்பதற்குத் திரை மிஞ்சவில்லை.)

ஐன்ஸ்டைன் சொன்னதை அந்தச் சிலிக்கான் துணுக்கு சொல்லிவிட்டது. விழும் பொருளை எதுவும் இழுக்கவில்லை. அது தன்பாட்டுக்குப் போகிறது. தள்ளப்படுவது நீங்களும் நானும்தான், தள்ளுவது தரை. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது உடம்பில் உணர்கிறீர்களே, அது நாற்காலி உங்களை மேலே தள்ளுவது. பூமி இழுப்பதாக ஒரு துளிகூட நீங்கள் உணர்ந்ததில்லை. இழுப்பு இல்லை என்றால் கயிறும் தேவையில்லை.

இங்கே ஒரு புத்திசாலிப் பிள்ளை குறுக்கே பாயும்: "தரை எல்லாப் பக்கமும் வெளியே தள்ளினால் பூமி பலூன் மாதிரி ஊதிக்கொண்டே போக வேண்டாமா?" சரியான அடி. வெளியும் (பொருள்கள் இருக்கும் இடப்பரப்பு) காலமும் தட்டையாக இருந்தால் அப்படித்தான் ஆக வேண்டும். ஊதாமல் இருக்கிறதே, அதுதான் அவை வளைந்திருக்கின்றன என்பதற்குச் சாட்சி. இது அடுத்த கடிதத்தில் கொண்டுபோய் விடுகிறது.

"ரப்பர் விரிப்பின் நடுவே ஒரு இரும்புக் குண்டை வைத்தால் குழி விழுகிறது, சின்னக் கோலிகள் அதைச் சுற்றுகின்றன. இதுதான் ஈர்ப்பு என்று எல்லா வீடியோவிலும் காட்டுகிறார்கள். சரியா?" - பொறியாளர் ஒருவர்

இந்த ரப்பர் விரிப்போடு எனக்குப் பழைய தகராறு உண்டு. ஒரு காலத்தில் நானும் அதை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு போனவன்தான். நாலு பேர் நாலு மூலையைப் பிடித்துக்கொள்ள, நடுவே குண்டை வைத்து, கோலியைச் சுழல விட்டு, "பார்த்தீர்களா!" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன், "சார், அந்தக் குண்டை ரப்பருக்குள் அமுக்குவது யார்?" என்றான். பூமியின் ஈர்ப்பு! ஈர்ப்பை விளக்க ஈர்ப்பையே கடன் வாங்கியிருக்கிறேன். "அடுத்த வகுப்பில் பார்ப்போம்" என்றேன். அந்த அடுத்த வகுப்பு வரவே இல்லை. அவன் இதைப் படித்தால், தம்பி, இதோ.

விரிப்பு காட்டுவது வெளியின் வளைவை மட்டும். கல் விழுவதற்கும் நிலா சுற்றுவதற்கும் முக்கியக் காரணம் அது இல்லை. காலம்தான் காரணம். நிறை அதிகமாக இருக்கும் இடத்துக்கு அருகே காலம் கொஞ்சம் மெதுவாக ஓடுகிறது. உங்கள் தலையைவிடப் பாதத்துக்கு நேரம் மெல்லப் போகிறது. கதை விடவில்லை, கடிகாரம் வைத்து அளந்திருக்கிறார்கள். 2010-ல் அமெரிக்காவில், 33 சென்டிமீட்டர் உயர வித்தியாசத்தில் வைத்த இரண்டு அணுக்கடிகாரங்கள் வேறு வேறு வேகத்தில் ஓடியதைப் பதிவு செய்தார்கள். 2022-ல் ஒரே ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குள்ளேயே வித்தியாசம் தெரிந்துவிட்டது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் இருக்கின்றன. அவற்றின் வேகத்தால் கடிகாரம் பிந்துவதைக் கழித்த பிறகும், நாளொன்றுக்கு 38 மைக்ரோ நொடி முந்தும். அந்த நேரத்துக்குள் ஒளி 11 கி.மீ. போய்விடும். அதனால் இந்த வித்தியாசத்தை முன்கூட்டியே கணக்கில் எடுத்துத்தான் வழி காட்டுகிறார்கள்.

சரி, காலம் மெதுவானால் கல் ஏன் விழ வேண்டும்? ஓடுகிற வண்டியின் இடது சக்கரம் மட்டும் மணலில் இறங்கினால் வண்டி எந்தப் பக்கம் திரும்பும்? மணல் பக்கம். மெதுவாகப் போகிற பக்கத்தை நோக்கித்தான் எதுவும் திரும்பும். கல்லின் அடிப்பக்கத்தில் காலம் மெதுவாக ஓடுகிறது, மேல்பக்கத்தில் கொஞ்சம் வேகமாக. கல் அசையாமல் இருந்தாலும் காலத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அந்த ஓட்டம் மெதுவான பக்கம் திரும்புகிறது. அதைத்தான் நாம் விழுவது என்கிறோம். இதுவும் உவமைதான். ஆனாலும் ரப்பர் விரிப்பு மாதிரி ஏமாற்றாது.

வித்தியாசம் எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பு வரும். 80 வருடம் ஒருவர் நின்றுகொண்டே இருந்தாலும், அவருடைய தலை பாதத்தைவிட மூப்பது ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில் பாதிகூட இருக்காது. இவ்வளவு பொடி வித்தியாசமா ஒரு பாறாங்கல்லை அவ்வளவு ஆவேசமாகக் கீழே கொண்டுவருகிறது? ஆமாம். ஏனென்றால் காலத்தில் நாம் ஓடும் ஓட்டம் பயங்கரமானது. வெளியின் கணக்குக்கு மாற்றினால் ஒரு நொடி என்பது 3 லட்சம் கிலோமீட்டர், ஒளி போகும் தூரம். 3 லட்சம் கிலோமீட்டர் நீளமுள்ள கோட்டில் ஐந்து மீட்டர் வளைவு. அப்படிப் பார்த்தால் கல் கிட்டத்தட்ட நேராகத்தான் போகிறது.

விரிப்பை முழுதாகவும் தள்ள முடியாது. ஒளி வளைவதில் பாதி காலத்தால், பாதி வெளியால். ஐன்ஸ்டைன் 1911-ல் கணக்குப் போட்டபோது காலத்தால் வரும் பாதியைத்தான் பிடித்திருந்தார். 1915-ல்தான் மறுபாதியும் சேர்ந்து, சூரியனை உரசி வரும் நட்சத்திர ஒளி 1.75 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு) வளையும் என்று வந்தது. 1919 மே 29 சூரிய கிரகணத்தில் அதைச் சோதித்தார்கள். முழு அளவுக்கே சாதகமாக வந்தது.

இன்னொரு சுவாரசியம்: காலம் மெதுவாகும் இதே கணக்குப்படி பூமியின் மையம் மேற்பரப்பைவிட சுமார் இரண்டரை வருடம் இளையது.

"பூமி சுற்றுவதால்தானே ஈர்ப்பு வருகிறது? சுற்றுவது நின்றால் நாம் பறந்துவிடுவோமா?" - வாசகர் ஒருவர்

தலைகீழ். சுற்றுவது நம்மை வெளியே தள்ளத்தான் பார்க்கிறது. நின்றுபோனால் நிலநடுக்கோட்டில் இருப்பவர்களுக்கு எடை கூடும். ஈர்ப்பு முடுக்கம் அங்கே 9.780, துருவங்களில் 9.832. இந்த இடைவெளியில் பெரும்பங்கு சுழற்சியால், மீதி பூமியின் நடுப்பகுதி உப்பியிருப்பதால். நிலநடுக்கோட்டில் 60 கிலோ காட்டும் ஸ்பிரிங் தராசை அப்படியே துருவத்துக்குக் கொண்டுபோனால் சுமார் 300 கிராம் கூடுதலாகக் காட்டும். மெலிய நினைப்பவர்கள் கவனிக்க. பறக்க வேண்டுமென்றால் பூமி இப்போதையைவிட 17 மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும்.

"விண்வெளி நிலையத்தில் ஈர்ப்பு இல்லாததால்தானே மிதக்கிறார்கள்?" - கல்லூரி மாணவர் ஒருவர்

நிலையம் இருப்பது சுமார் 400 கி.மீ. உயரத்தில். தரையில் இருக்கும் ஈர்ப்பில் கிட்டத்தட்ட 90 சதவீதம் அங்கேயும் இருக்கிறது. அவ்வளவு உயரக் கோபுரம் ஒன்று கட்டி அதன் உச்சியில் நின்றால், நடப்பதில் பெரிய வித்தியாசம் தெரியாது. அவர்கள் மிதப்பதற்குக் காரணம், நிலையமும் அவர்களும் சேர்ந்து விழுந்துகொண்டே இருப்பது. நொடிக்கு ஏழரை கி.மீ.க்கு மேல் பக்கவாட்டில் ஓடுவதால், விழ விழத் தரையும் வளைந்து விலகிப் போய்க்கொண்டே இருக்கிறது. தலையணையைச் சேராத போன்.

"பூமியை எப்படி சார் எடை போட்டார்கள்?" - இல்லத்தரசி ஒருவர்

இதை எழுதும்போதே எனக்குக் கை துறுதுறுக்கிறது. ஹென்றி கேவண்டிஷ் ஒரு கூச்ச சுபாவி. ஆட்களோடு பேசவே பயப்படுவார். 1797-98-ல் தன் இடத்தில் ஒரு கொட்டகைக்குள் வேலையை ஆரம்பித்தார். கருவி அவருடையது இல்லை. ஜான் மிட்செல் என்பவர் செய்து வைத்துவிட்டு இறந்துபோனார். ஆறு அடி மரக்கட்டை ஒன்று மெல்லிய கம்பியில் படுக்கையாகத் தொங்கும். அதன் இரு முனையிலும் முக்கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவான ஈயக் குண்டு. பக்கத்தில் 158 கிலோ ஈயக் குண்டுகள் இரண்டு. பெரியது சின்னதை இழுத்தால் கட்டை சற்றே திரும்பும், கம்பி முறுக்கும்.

அந்த இழுப்பு ஒரு பொடி மணலின் எடைதான் இருக்கும். ஆள் உள்ளே போனால் உடம்புச் சூட்டில் காற்று அசைந்தே எல்லாம் கெட்டுவிடும். அதனால் கேவண்டிஷ் கதவை மூடிவிட்டு, பெரிய குண்டுகளை வெளியிலிருந்தே கயிறும் கப்பியும் வைத்து நகர்த்தினார். சுவரில் ஓட்டை போட்டுத் தொலைநோக்கியால் பார்த்தார். கட்டை நகர்ந்தது சில மில்லிமீட்டர். அதிலிருந்து, தண்ணீரைப்போல் பூமியின் அடர்த்தி சுமார் ஐந்தரை மடங்கு என்று சொன்னார். இன்றைய மதிப்பு 5.51. மேற்பரப்புப் பாறைகள் இரண்டரை, மூன்று மடங்குதான். ஆகவே உள்ளே எங்கோ இரும்பு மாதிரிக் கனமானது ஒன்று இருக்க வேண்டும் என்பதும் கூடவே வந்துவிட்டது. பூமியின் நிறை சுமார் 6-க்குப் பின்னால் 24 பூஜ்யம், கிலோவில்.

இதே அளவீட்டில் இன்றும் விஞ்ஞானிகளுக்குள் சின்னச் சண்டை நடக்கிறது. இயற்கையின் அடிப்படை எண்களில், ஈர்ப்பு எவ்வளவு பலம் என்று சொல்லும் ஈர்ப்பு மாறிலியைத்தான் ஆகக் குறைந்த துல்லியத்தில் வைத்திருக்கிறோம். ஈர்ப்பு அவ்வளவு நோஞ்சான். ஒரு குட்டிக் காந்தம் குண்டூசியைத் தூக்கும்போது, அதை எதிர்த்து மறுபக்கம் நிற்பது முழுப் பூமி. காந்தம்தான் ஜெயிக்கிறது.

"அப்படியானால் ஈர்ப்பு எங்கிருந்து வருகிறது? ஹிக்ஸ் துகள்தான் காரணம் என்கிறார்களே?" - ஆசிரியை ஒருவர்

ஹிக்ஸுக்கு இதில் பங்கு கொஞ்சம்தான் டீச்சர். உங்கள் உடம்பின் எடை புரோட்டான்களிலும் நியூட்ரான்களிலும் இருக்கிறது. அவற்றுக்குள் இருக்கும் குவார்க்குகளுக்கு ஹிக்ஸ் கொடுக்கும் நிறை, மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குதான் தேறும். மீதியெல்லாம் அந்தக் குவார்க்குகள் துள்ளும் ஆற்றலும், அவற்றைக் கட்டிவைக்கும் புலத்தின் ஆற்றலும். ஈர்ப்பு கேட்பது வெறும் நிறையை இல்லை. ஆற்றல், அழுத்தம் எல்லாமே காலத்தையும் வெளியையும் வளைக்கும். ஒரு லிட்டர் தண்ணீரை உறைநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோனால், ஒரு சொட்டும் சேர்க்காமலே சுமார் 5 நானோகிராம் எடை கூடுகிறது.

ஆற்றல் ஏன் காலத்தை வளைக்க வேண்டும்? எவ்வளவு வளைக்கும் என்பதற்கு ஐன்ஸ்டைனின் சமன்பாடு இருக்கிறது. ஏன் என்பதற்கு இன்றைக்கு இயற்பியலில் பதில் கிடையாது. ஈர்ப்பைச் சுமந்து செல்லும் கிராவிட்டான் என்ற துகள் இருக்கலாம் என்கிறார்கள், யாரும் பிடித்ததில்லை. நியூட்டன் நின்ற அதே வாசலில், கொஞ்சம் உள்ளே தள்ளி நாமும் நிற்கிறோம்.

"சூரியன் திடீரென்று மறைந்தால் பூமி அந்த நொடியே விலகிப் போகுமா?" - வாசகர் ஒருவர்

எட்டு நிமிடம் இருபது நொடி வரை பூமிக்கு விஷயமே தெரியாது. ஒளி வர அவ்வளவு நேரம் ஆகிறது, ஈர்ப்பில் நேரும் மாற்றமும் அதே வேகத்தில்தான் பரவுகிறது. 2015 செப்டம்பர் 14 அன்று முதன்முறையாக ஈர்ப்பலை, அதாவது வெளியும் காலமும் நடுங்கிப் பரவும் அலை, பிடிபட்டது. 4 கி.மீ. நீளக் கருவி, ஒரு புரோட்டானின் குறுக்களவில் சில நூறில் ஒரு பங்கு அசைந்தது. வேகம் நிச்சயமானது 2017 ஆகஸ்ட் 17-ல். இரண்டு நியூட்ரான் நட்சத்திரங்கள் மோதின. சுமார் 13 கோடி வருடம் பயணம் செய்து வந்த ஈர்ப்பலையும் காமா கதிரும், 1.7 நொடி இடைவெளியில் வந்து சேர்ந்தன. அந்த 1.7 நொடியும் கதிர் கிளம்பியதில் வந்த தாமதமாக இருக்கலாம்.

"பூமி என்னை இழுக்குது. நான் பூமியை இழுக்கிறேனா?" - எட்டு வயது வாசகி (அப்பா எழுதி அனுப்பியது)

இழுக்கிறாய் பாப்பா. பூமி உன்னை எவ்வளவு இழுக்கிறதோ, துளிகூடக் குறையாமல் அதே அளவுக்கு. (மேலே அக்காவுக்கு எழுதும்போது இழுப்பே இல்லை என்று சொல்லியிருக்கிறேன். அதை அப்பாவிடம் சண்டை போட்டுத் தீர்த்துக்கொள்.) நாற்காலிமேல் ஏறிக் கீழே குதித்துப் பார். நீ பூமியை நோக்கி வரும்போது பூமியும் உன்னை நோக்கி எழும்பி வரும். ஆனால் அது ரொம்பக் கனம், அதனால் ரொம்பக் கொஞ்சம்தான் வரும். ஒரு புரோட்டான் என்கிற துக்கடாவை நூறு கோடித் துண்டாக வெட்டினால், அதில் ஒரு துண்டு அகலத்துக்கு. அப்புறம், குதிக்கும் முன்னால் நாற்காலிமேல் ஏறினாய் இல்லையா? அப்போது பூமியை அதே அளவுக்குக் கீழே தள்ளிவிட்டுத்தான் ஏறினாய்.